சிவில் உரிமைச் சட்டம் 'பெரிய தவறா'? சார்லி கிர்க் சொன்னதும் தரவுகள் சொல்வதும்

அமெரிக்காவின் 1964 சிவில் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது பெரிய தவறு என்று வலதுசாரி அரசியல் விமர்சகர் சார்லி கிர்க் சொன்னாரா, இல்லையா?

2025 செப்டம்பர் 10 அன்று யூட்டா மாநிலத்தின் ஓரெம் நகரில், பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த கூட்டத்தில் கிர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 31. அடுத்த சில மணி நேரத்திலேயே, அவர் பேசியதாகச் சொல்லப்படும் வாக்கியங்கள் கார்டுகளாகவும் ரீல்ஸ்களாகவும் சுற்ற ஆரம்பித்தன. உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் ஒன்றிரண்டு வந்திருக்கலாம்.

"இப்படியெல்லாம் பேசினவர்தான்" என்று ஒரு தரப்பு பகிர்ந்தது. "அவர் அப்படிச் சொல்லவே இல்ல, எல்லாம் வெட்டி ஒட்டினது" என்று இன்னொரு தரப்பு மறுத்தது. இரண்டு தரப்பும் சில இடங்களில் சரி, சில இடங்களில் தவறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவோம். ஒருவர் என்ன பேசினார் என்பது அவரைக் கொன்றதை நியாயப்படுத்தாது. கொல்லப்பட்டார் என்பதாலேயே அவர் பேசியது சரி என்றும் ஆகிவிடாது. அவர் பேசாததை அவர் வாயில் திணிக்கும் உரிமையும் யாருக்கும் இல்லை. அதனால் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்கலாம். அவர் உண்மையில் என்ன சொன்னார்? அவர் சொன்னதைத் தரவுகள் ஆதரிக்கின்றனவா?

முதலில், அந்தச் சட்டம் என்ன சொல்கிறது?

1964 ஜூலை 2 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் இது. அதுவரை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு ஹோட்டலில் ரூம் கிடையாது, உணவகத்தில் உட்கார இடம் கிடையாது. எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று கறுப்பினப் பயணிகளுக்கு வழிகாட்ட 'கிரீன் புக்' என்ற கையேடு 1936 முதல் 1960-களின் நடுப்பகுதி வரை வெளிவந்துகொண்டிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

சட்டத்தில் 11 பகுதிகள். அவற்றில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். பகுதி 2: ஹோட்டல், உணவகம், தியேட்டர் போன்ற பொது இடங்களில் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றைக் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது. பகுதி 6: மத்திய அரசின் பணம் வாங்கும் பள்ளியோ மருத்துவமனையோ பாகுபாடு காட்டினால் அந்தப் பணத்தை நிறுத்தலாம். பகுதி 7: வேலை கொடுப்பதில், பதவி உயர்வில், பணிநீக்கத்தில் பாகுபாடு கூடாது. இதில் பாலினமும் சேரும்.

எளிதாக நிறைவேறிய சட்டமும் இல்லை. செனட்டில் எதிர்ப்பாளர்கள் 60 வேலை நாட்கள் அளவுக்குப் பேசிப் பேசியே இழுத்தடித்தார்கள். கடைசியில் 73-27 என்ற கணக்கில் செனட்டில் தேறியது.

கிர்க் சொன்னாரா?

சொன்னார். 2023 டிசம்பரில், அவர் நிறுவிய டர்னிங் பாயின்ட் யுஎஸ்ஏ அமைப்பின் 'அமெரிக்காஃபெஸ்ட்' மாநாட்டில் பேசியது அது. 1960-களில் சிவில் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றி நாம் பெரிய தவறு செய்துவிட்டோம் என்பதுதான் சாரம். இது மிகத் தீவிரமான கருத்து என்று தனக்குத் தெரியும், ஆனாலும் யோசித்துத்தான் சொல்கிறேன் என்றும் சேர்த்தே சொன்னார். வாய்தவறி வந்த வார்த்தை இல்லை. அதே மாநாட்டில் மார்ட்டின் லூதர் கிங்கையும் மோசமானவர் என்று விமர்சித்தார். முந்தைய ஆண்டுகளில் அவரே கிங்கைப் புகழ்ந்திருக்கிறார். 2024 ஜனவரியில் வயர்டு இதழ் இந்தப் பேச்சை வெளிக்கொண்டு வந்தது.

ஏன் தவறு என்பதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. அந்தச் சட்டம் நிரந்தரமான ஒரு அதிகார வர்க்கத்தை உருவாக்கிவிட்டது. அதுவே பிறகு வெள்ளையர்களுக்கு எதிரான ஆயுதமாக மாறிவிட்டது என்பது அவர் வாதம். இது அவர் மட்டும் கண்டுபிடித்ததும் இல்லை. 2020-ல் வெளியான 'தி ஏஜ் ஆஃப் என்டைட்டில்மென்ட்' நூலில் கிறிஸ்டோபர் கால்டுவெல், இந்தச் சட்டம் அமெரிக்காவுக்கு ஒரு போட்டி அரசியலமைப்பாகவே ஆகிவிட்டது என்று வாதிட்டார். கிர்க் அந்த வாதத்தைக் கல்லூரி மாணவர்களிடம் கொண்டுபோனார்.

முடிவு: 'சட்டம் தவறு என்றார்' என்பது உண்மை. 'கறுப்பினத்தவருக்கு உரிமையே கூடாது என்றார்' என்று அதை நீட்டினால், அது அவர் சொல்லாதது.

சரி, மற்ற கார்டுகள்?

பரவியவற்றில் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

ஒன்று: "கறுப்பினப் பெண்களுக்கு மூளைத்திறன் இல்லை என்றார்." 2023 ஜூலையில் அவர் பேசியது நான்கு பேரைப் பற்றி: ஜாய் ரீட், மிஷெல் ஒபாமா, நாடாளுமன்ற உறுப்பினர் ஷீலா ஜாக்சன் லீ, உச்ச நீதிமன்ற நீதிபதி கேட்டான்ஜி பிரவுன் ஜாக்சன். இடஒதுக்கீடு போன்ற 'அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்' இல்லாவிட்டால் இவர்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளுமளவு மூளைத்திறன் இவர்களுக்கு இல்லை, வெள்ளையர் ஒருவரின் இடத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்றார். எல்லாக் கறுப்பினப் பெண்களையும் பற்றிச் சொன்னதாகப் போடும் கார்டு தவறு. அதற்காக 'அப்படி எதுவுமே சொல்லல' என்ற மறுப்பும் தவறு. அவர் பெயர் சொன்ன நீதிபதி ஜாக்சன், ஹார்வர்டில் சட்டம் படித்து, 2013 முதல் மாவட்ட நீதிபதியாகவும் பிறகு மேல்முறையீட்டு நீதிபதியாகவும் இருந்துவிட்டு 2022-ல் உச்ச நீதிமன்றம் போனவர்.

இரண்டு: "ஆசியப் பெண்ணை இனவெறி வார்த்தையால் திட்டினார்." தவறு. அந்தப் பழைய வீடியோவில் அவர் கத்துவது 'செங்க்' என்ற பெயரை. இடதுசாரி விமர்சகர் செங்க் உய்குரைப் பெயர் சொல்லி அழைத்தது, காதில் வேறாக விழுந்திருக்கிறது.

மூன்று: "ஓரினச் சேர்க்கையாளர்களைக் கல்லெறிந்து கொல்லச் சொன்னார்." திரிக்கப்பட்டது. பைபிளிலிருந்து ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக் காட்டியவருக்குப் பதிலாக, அதே நூலில் கல்லெறிதலும் இருக்கிறதே என்று மடக்குவதற்காகச் சொன்னது அது. இதைப் பகிர்ந்த எழுத்தாளர் ஸ்டீபன் கிங் பதிவை நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டார். அதே சமயம், பாலுறவு விஷயத்தில் அந்தப் பகுதியைக் கடவுளின் முழுமையான சட்டம் என்று கிர்க் குறிப்பிட்டதும் உண்மை. மறுப்புப் பதிவுகள் இந்தப் பாதியை விட்டுவிடுகின்றன.

இனி முக்கியமான கேள்வி. சட்டத்தைப் பற்றிய அவருடைய வாதம் நிற்குமா? 'தவறு' என்பது கருத்து, அதை உண்மை, பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கருத்துக்குத் தாங்கலாக வைக்கப்படும் தகவல்களைச் சரிபார்க்கலாம்.

வாதம் 1: நிரந்தர அதிகார வர்க்கம் வளர்ந்துவிட்டது

பகுதி 7-ஐ அமல்படுத்துவது சம வேலைவாய்ப்பு ஆணையம். 1965 ஜூலையில் செயல்படத் தொடங்கியது. 1980-ல் அதன் ஊழியர்கள் சுமார் 3,400 பேர். அண்மை ஆண்டுகளில் 2,000-ஐக் கொஞ்சம் தாண்டும் அளவுதான். இடைப்பட்ட காலத்தில் அமெரிக்க மக்கள் தொகை 10 கோடிக்கும் மேல் கூடியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் உட்படப் புதிய பொறுப்புகளும் ஆணையத்தின் தலையில் ஏறியிருக்கின்றன. 2024 நிதியாண்டில் அங்கே பதிவான புகார்கள் 88,531. இவற்றில் இனப் பாகுபாட்டுப் புகார்கள் சுமார் மூன்றில் ஒன்று.

தனியார் நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பன்மைத்துவத் துறைகள் பெருகியது நிஜம். கிர்க் குறி வைத்தது அதைத்தான். ஆனால் அவற்றை நேரடியாக உருவாக்கியது 1964 சட்டம் இல்லை. 'அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்' என்ற சொல் 1961-ல் கென்னடியின் உத்தரவில் வந்தது. அரசு ஒப்பந்ததாரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது 1965-ல் ஜான்சன் போட்ட தனி உத்தரவு. அதிபர் டிரம்ப் 2025 ஜனவரி 21 அன்று ஒரே கையெழுத்தில் ஜான்சனின் அந்த உத்தரவை ரத்து செய்ய முடிந்ததே அது நிர்வாக உத்தரவு என்பதால்தான். 1964 சட்டத்தை அப்படிச் செய்ய முடியாது.

முடிவு: அரசு அமைப்பைப் பொறுத்தவரை தரவு இடிக்கிறது. தனியார் துறைகளின் வளர்ச்சி உண்மை, காரணம் காட்டுவதில் பிழை.

வாதம் 2: வெள்ளையர்களுக்கு எதிரான ஆயுதம்

சட்டத்தின் வாசகத்தில் கறுப்பு, வெள்ளை என்று பிரித்து எந்தத் தரப்புக்கும் சலுகை இல்லை. 1976-லேயே உச்ச நீதிமன்றம், பகுதி 7 வெள்ளையர்களையும் அதே அளவு பாதுகாக்கிறது என்று சொல்லிவிட்டது. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு எதிராகத் தீர்ப்பு வந்ததே, அந்த வழக்கில் ஹார்வர்டுக்கு எதிராகப் பயன்பட்டது இதே 1964 சட்டத்தின் பகுதி 6. அதாவது கிர்க் கொண்டாடிய தீர்ப்பே, அவர் தவறு என்ற சட்டத்தின் மேல் நின்றது.

இன்னொன்றும் உண்டு. பெரும்பான்மைப் பிரிவைச் சேர்ந்தவர் பாகுபாட்டு வழக்குப் போட்டால், அவர் கூடுதல் ஆதாரம் காட்ட வேண்டும் என்று சில கீழ் நீதிமன்றங்கள் வைத்திருந்தன. 2025 ஜூன் 5 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தூக்கி எறிந்தது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்ற அந்தத் தீர்ப்பை எழுதியவர் யார் தெரியுமா? கிர்க் மூளைத்திறனைக் கேள்வி கேட்ட அதே நீதிபதி கேட்டான்ஜி பிரவுன் ஜாக்சன்.

அப்படியென்றால் விமர்சகர்களின் கோபம் எங்கிருந்து வருகிறது? 1971-ல் வந்த கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் தீர்ப்பிலிருந்து. பாகுபாடு காட்டும் நோக்கம் நிரூபிக்கப்படாவிட்டாலும், வேலைக்குத் தொடர்பில்லாத ஒரு தகுதி குறிப்பிட்ட ஒரு பிரிவை மட்டும் வடிகட்டினால் அதுவும் சட்டவிரோதம் என்றது அந்தத் தீர்ப்பு. இது சட்டத்தை நீதிமன்றம் நீட்டியது என்ற விமர்சனத்தில் விவாதிக்க விஷயம் இருக்கிறது. ஆனால் வழக்கின் கதையையும் பாருங்கள். வட கரோலினாவில் இருந்த அந்த மின் நிலையத்தில் கறுப்பினத்தவருக்குக் கூலி வேலைப் பிரிவு மட்டும்தான். பகுதி 7 அமலுக்கு வந்த அதே 1965 ஜூலை 2 அன்று நிறுவனம் நல்ல வேலைகளுக்குப் புதிதாகத் தேர்வுகளைச் சேர்த்தது. பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. 1960 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடித்த வெள்ளை ஆண்கள் 34%, கறுப்பின ஆண்கள் 12%. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வாரன் பர்கர், குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன் நியமித்தவர். தீர்ப்பில் மாற்றுக் கருத்தும் இல்லை.

முடிவு: 'எதிரான ஆயுதம்' என்பதைச் சட்டமும் தீர்ப்புகளும் ஆதரிக்கவில்லை.

வாதம் 3: அதற்கு முன்பு நன்றாகத்தானே இருந்தார்கள்?

இந்தப் பேச்சோடு ஒட்டிக்கொண்டே வரும் வாதம் இது. கறுப்பினக் குடும்பங்கள் 1940-களில், 50-களில் கட்டுக்கோப்பாக இருந்தன, சிவில் உரிமைக் காலத்துக்குப் பிறகுதான் சிதைந்தன என்பார்கள்.

இதில் ஒரு எண் நிஜம். 1960-களின் தொடக்கத்தில் கறுப்பினக் குழந்தைகளில் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்கள் சுமார் 24%. அண்மைக் காலத்தில் அது சுமார் 70%. ஆனால் வெள்ளையர்களிடம் அதே காலத்தில் அது 3 சதவீதத்திலிருந்து 28 சதவீதத்துக்குப் போயிருக்கிறது. சட்டம் யாரைச் சிதைத்தது என்று கேட்டால், இரண்டு கோடும் சேர்ந்துதானே ஏறுது? கறுப்பினத்தவருக்கு ஹோட்டல் கதவைத் திறந்துவிட்டதால் வெள்ளையர் குடும்பம் ஏன் மாற வேண்டும்? இரண்டு விஷயங்கள் ஒரே காலத்தில் நடந்தன என்பது மட்டுமே ஒன்றால் இன்னொன்று நடந்தது என்பதற்கு ஆதாரம் ஆகாது.

மற்ற எண்கள் எந்தப் பக்கம் போகின்றன?

வறுமை: 1959-ல் கறுப்பின மக்களில் 55.1% பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. 2019-ல் 18.8%.

ஆயுள்: 1940-ல் வெள்ளையர் அல்லாதவர்களின் சராசரி ஆயுட்கால எதிர்பார்ப்பு சுமார் 53 வயது. 2019-ல் கறுப்பின மக்களுக்கு சுமார் 75.

கல்வி: 1964-ல் 25 வயதைத் தாண்டிய கறுப்பினத்தவரில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் நான்கில் ஒருவர். இன்று கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பேர்.

'இதெல்லாம் காலப்போக்கில் தானா நடந்திருக்கும்' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் சட்டத்தின் தடம் நேரடியாகத் தெரியும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பள்ளிகள். பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொல்லிவிட்டது. பத்து வருடம் கழித்து, 1963-64 கல்வியாண்டில், பழைய கூட்டமைப்பின் 11 தென் மாநிலங்களில் வெள்ளை மாணவர்களோடு சேர்ந்து படித்த கறுப்பினக் குழந்தைகள் 1.2% மட்டுமே. பணத்தை நிறுத்துவோம் என்று சொல்லும் பகுதி 6 வந்த பிறகு, 1968-69-ல் அது 32%. புதிய நீதிமன்ற உத்தரவுகளும் சேர்ந்துகொள்ள, 1970-71-ல் சுமார் 86%. தீர்ப்பு மட்டும் இருந்த பத்து வருடத்தில் நகராதது, சட்டம் வந்த ஏழு வருடத்தில் நகர்ந்தது.

இரண்டாவது, மருத்துவமனைகள். 1966 ஜூலையில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு தொடங்கியபோது, இனப் பிரிவினையை விடாத மருத்துவமனைக்கு அந்தப் பணம் கிடையாது என்று அரசு நிபந்தனை போட்டது. நான்கு மாதத்துக்குள் சுமார் 1,000 மருத்துவமனைகள் கதவைத் திறந்தன. அதற்குப் பின்னான ஆண்டுகளில் தென் மாநிலக் கிராமப்புறங்களில் கறுப்பினக் குழந்தைகளின் இறப்பு விகிதம் வேகமாகக் குறைந்தது. பொருளாதார ஆய்வாளர்கள் டக்ளஸ் ஆல்மண்ட், கென்னத் சே, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் மிசிசிப்பி மாநிலத் தரவுகளை வைத்து இதை மருத்துவமனைகள் திறந்ததோடு இணைத்துக் காட்டினார்கள். குறைந்தது எந்த வகை இறப்புகள்? வயிற்றுப்போக்கு, நிமோனியா. நேரத்துக்கு மருத்துவமனையில் சேர்த்தால் காப்பாற்றக்கூடியவை.

முடிவு: 'முன்பு நன்றாக இருந்தார்கள்' என்பது தவறு.

எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. சட்டத்தின் ஆதரவாளர்களும் சில எண்களைச் சொல்லாமல் தாண்டுகிறார்கள். 2022-ல் ஒரு சராசரி வெள்ளைக் குடும்பத்தின் நிகரச் சொத்து, இடைநிலை மதிப்பில், 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். ஆறு மடங்கு வித்தியாசம். ஓட்டல் மேசையில் உட்காரும் உரிமையைச் சட்டம் கொடுத்தது. தலைமுறை தலைமுறையாகச் சேர்க்க விடாமல் தடுத்த சொத்தை அது திருப்பித் தரவில்லை. இந்த இடைவெளிக்கு என்ன தீர்வு என்பதில் வலது, இடது இரண்டு பக்கமும் நேர்மையாகச் சண்டை போடலாம். ஆனால் அந்தச் சண்டைக்குச் சட்டமே தவறு என்று சொல்லத் தேவையில்லை.

இதுல நமக்கென்ன?

மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, இது வெறும் மேடைப் பேச்சாக நிற்கவில்லை. 2025 ஏப்ரல் 23 அன்று டிரம்ப் போட்ட உத்தரவு, கிரிக்ஸ் தீர்ப்பு வழியாக வந்த அந்த மறைமுகப் பாகுபாட்டுக் கொள்கையை அமல்படுத்துவதை முடிந்தவரை கைவிடச் சொல்கிறது. சட்டப் புத்தகத்தில் வரி அப்படியே இருக்கும், கேட்பதற்கு ஆள் இருக்காது.

இரண்டாவது, அங்கே வாழும் இந்தியர்கள். 1946 சட்டத்தின்படி ஆண்டுக்கு 100 இந்தியர்களுக்குத்தான் அமெரிக்காவில் குடியேற இடம். அந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டை உடைத்தது 1965 குடியேற்றச் சட்டம். அதே சிவில் உரிமைக் காலத்தின் அலையில், அடுத்த ஆண்டே வந்த சட்டம். இன்று அங்கே இந்திய வம்சாவளியினர் சுமார் 50 லட்சம். பூர்வீக நாட்டைக் காட்டி ஒருவரை வேலையிலிருந்து ஒதுக்கினால் அவர்கள் கையில் எடுப்பது இதே பகுதி 7. சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானதாக கலிஃபோர்னியா மாநில அமைப்பு 2020-ல் வழக்குத் தொடுத்தபோதும் முதலில் இந்தச் சட்டத்தைத்தான் காட்டியது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. தனிநபர்கள் மீதான வழக்கு 2023-ல் கைவிடப்பட்டது. கிர்க்கே தன் கடைசி நாட்களில், 2025 செப்டம்பர் தொடக்கத்தில், இந்தியர்களுக்கு அமெரிக்கா இனி மேலும் விசா கொடுக்கத் தேவையில்லை என்று பதிவிட்டார். அவரை இங்கிருந்து கைதட்டி ரசித்தவர்கள் அந்தப் பதிவையும் படிக்க வேண்டும்.

மூன்றாவது, கடைகள், உணவகங்கள், ஹோட்டல்கள், கிணறு, குளம் என எங்கும் சாதி, மதம் சொல்லித் தடுக்கக் கூடாது என்று நம் அரசியலமைப்பின் 15-வது பிரிவு 1950-லேயே சொன்னது. அமெரிக்காவுக்கு 14 ஆண்டுகள் முன்பு. 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதற்கான தண்டனைச் சட்டம் 1955-ல் வந்தது. 1976-ல் அதன் பெயரே குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று மாறியது. 'சட்டம் வந்ததால்தான் சாதிப் பேச்சு நிக்கவே மாட்டேங்குது' என்று இங்கேயும் கேட்டிருப்பீர்கள். வாதத்தின் வடிவம் ஒன்றுதான்: நோய்க்கு மருந்தைக் குற்றம் சொல்வது.

அடுத்த கார்டு வரும்போது

அது யாரைப் பற்றியதாக இருந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த மேடை, எந்த மாதம் என்று இருக்கிறதா? அந்த வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது? சொன்னதாக உறுதியானால், அவர் காட்டும் காரணத்துக்கு எண் இருக்கிறதா? முதல் இரண்டு கேள்விகள் பேசியவருக்கு நீங்கள் செய்யும் நியாயம். மூன்றாவது கேள்வி, அந்தப் பேச்சால் உரிமை பறிபோகக்கூடியவர்களுக்குச் செய்யும் நியாயம். பெரும்பாலான சண்டைகள் முதல் கேள்வியிலேயே முடிந்துவிடுகின்றன. மூன்றாவதுவரை போங்க.